மூழ்கிய கப்பலில் பணம் இருந்ததா? அரசு மறைத்ததா?

2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எல்சா 3 சரக்குக் கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணமெல்லாம் இல்லை. சரக்குப் பட்டியலில் 4 கண்டெய்னர்களுக்கு நேரே ‘கேஷ்’ என்று சுருக்கி எழுதியிருந்தது. உள்ளே இருந்தது முந்திரி, ‘கேஷ்யூ’.

வதந்திக்கு இடம் கொடுத்தது தாமதம்தான். 640 கண்டெய்னர், 13-ல் ஆபத்தான சரக்கு, 12-ல் கால்சியம் கார்பைடு என்ற கணக்கு உடனே வந்தது. முழுப் பட்டியலுக்கு ஜூன் ஆகிவிட்டது. விவரம் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடிப் பக்கம் மணலெங்கும் கப்பலிலிருந்து சிதறிய, ஜவ்வரிசி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை. கரைமடி வலை இழுப்பவர்கள் அதை அள்ளி வைத்துக்கொண்டு, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்தில் சிறைபிடித்தது அதே நிறுவனத்தின் வேறு கப்பல், அக்கிட்டெட்டா 2. கேரள அரசு கேட்ட ரூ.9,531 கோடி இழப்பீட்டுக்கு பிணையாகத்தான் அதைப் பிடித்தார்கள்.