செகண்ட் ஹேண்ட் கிட்டார்: முதலில் நெக், அப்புறம் விலை

கேள்வி: ஓஎல்எக்ஸில் ஒரு அகூஸ்டிக் கிட்டார் விளம்பரம் பார்த்தேன். ‘மூன்று மாதம்தான் வாசித்தது, புதுசு மாதிரி இருக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். நேரில் போனால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? எனக்கு நாலைந்து கார்டுக்கு மேல் வாசிக்கத் தெரியாது. – வாசகர், தாம்பரம்

பதில்: சோதிப்பதற்கு வாசிப்பே தேவையில்லை. ஒரு கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு, டார்ச், போனில் டியூனர் ஆப் இருந்தால் போதும். கீறல், பளபளப்பு, ஸ்டிக்கர் ஒட்டிய தழும்பு இதையெல்லாம் கடைசியில் பேரம் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம். கம்பி, டியூனிங் கீ, நட் (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு), சேடில் (உடலில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையின் மேல் கம்பியைத் தாங்கும் துண்டு) எல்லாம் மாற்றக்கூடியவை. நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து, கெட்டிருந்தால், விலை குறைந்த கிட்டாரில் அதைச் சரிசெய்யும் செலவு கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

முதல் வேலை, ஆறு கம்பியையும் சரியான சுருதிக்கு ஏற்றுவது. கம்பி தளர்ந்திருந்தால் இழுவிசை இல்லை. நெக் நேராகவும், கம்பி ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அருகிலும் இருப்பதுபோலத் தெரியும். ‘கம்பி அறுந்துடும், ஏத்தாதீங்க’ என்று விற்பவர் தடுத்தால் புதுக் கம்பி ஒரு செட் வாங்கிக்கொண்டு மறுபடி போங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

இப்போது முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, தடித்த ஆறாம் கம்பியை நெக் உடலோடு சேரும் 14ஆம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.2 முதல் 0.3 மி.மீ., இடைவெளி இருந்தால் நல்லது. அரை மி.மீ.க்கு மேல் போனால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாவிட்டால் பின்பக்கம் வளைந்திருக்கிறது. இரண்டுமே டிரஸ் ராடை (நெக்குக்குள் நீளவாக்கில் இருக்கும் உலோகத் தண்டு) திருப்பினால் சரியாகக்கூடியவைதான். கேள்வி என்னவென்றால், அந்த ராட் இன்னும் திரும்புமா? விற்பவரிடம் கேட்டுவிட்டு, பொருத்தமான ஆலன் கீ போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பினால் முன்வளைவு குறையும். ஏற்கெனவே இறுதிவரை முறுக்கப்பட்டு அசையாமல் நின்றால் அந்தக் கிட்டார் வேண்டாம். பலம் போட்டுத் திருப்பாதீர்கள். ராட் முறிந்தால் பழி உங்கள் மேல் வரும்.

அடுத்து ஆக்‌ஷன். 12ஆம் ஃப்ரெட்டின் மேற்பரப்புக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள உயரம் இது. ஆறாம் கம்பியில் சுமார் 2.5 மி.மீ., முதல் கம்பியில் 2 மி.மீ. இருந்தால் விரலுக்குச் சுகம். 3.5 மி.மீ. இருந்தால் உடனே மறுக்க வேண்டாம், சேடிலைப் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறக்க, சேடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். எனவே 3.5ஐ 2.5 ஆக்க வேண்டுமென்றால், பிரிட்ஜுக்கு மேலே சேடில் 3 மி.மீ.க்குக் குறையாமல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சேடிலை ஏற்கெனவே 1 மி.மீ. வரை தேய்த்துவிட்டார்கள், அப்படியும் ஆக்‌ஷன் உயரம்தான் என்றால் நெக்கின் கோணமே மாறிவிட்டது. நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்தும் அந்த வேலை நல்ல விலையுள்ள கிட்டாருக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

நட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கொண்டால் திறந்த கம்பியை மீட்டும்போது ‘ஜிர்ர்’ என்று அதிரும். இடைவெளி அதிகமென்றால் எஃப் கார்ட் பிடிக்கவே முடியாது. எஃப் கார்டோடு கிட்டாரை மூலையில் சாத்தியவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி விரல் அல்ல, இந்த நட்தான்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒன்று முதல் 14 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். ஒரே இடத்தில் மட்டும் அதிர்ந்தால் அங்கே ஒரு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. ஏடிஎம் கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் வைத்து ஆட்டினால் நடுவில் உள்ளது எழும்பியிருப்பது தெரியும். தட்டிச் சமன்செய்துவிடலாம். முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே குழி ஆழமாக விழுந்திருந்தால், ‘மூன்று மாதம்தான் வாசித்தது’ என்பதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பார்த்த கிட்டாரில் பிரிட்ஜின் பின்விளிம்பு லேசாகத் தூக்கியிருக்கிறது. ‘கொஞ்சம் ஃபெவிகால் விட்டாப் போதும்’ என்று சொல்லி 1,500 ரூபாய் குறைக்கிறார். வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: ஒரு தாளை அந்த இடுக்கில் விட்டுப் பாருங்கள். ஒரு மி.மீ.கூட நுழையவில்லை என்றால் கவலை இல்லை. இரண்டு, மூன்று மி.மீ. உள்ளே போனால் பிரிட்ஜ் கழன்றுகொண்டிருக்கிறது. 12-53 அளவுக் கம்பி (மெல்லியது 0.012, தடித்தது 0.053 அங்குலம்) ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுப்பதால் திறப்பு தானாக நிற்காது.

இடுக்கில் பசை விடுவது பயனற்றது. உள்ளே பழைய பசையின் படலம் இருக்கிறது. புதுப் பசை மரத்தைத் தொடாமல் அதன்மேல் ஒட்டி, சில வாரத்தில் மறுபடி பிரியும். சூடு கொடுத்துப் பிரிட்ஜை முழுவதும் கழற்றி, இரண்டு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, மரப்பசை தடவி, உள்ளே தாங்குகட்டை கொடுத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட வேண்டும். உங்கள் ஊரில் இந்த வேலை செய்பவரிடம் முதலில் விலை கேளுங்கள். அவர் சொல்லும் தொகையும் ஒரு செட் கம்பியும் சேர்த்து 1,500க்குள் அடங்கினால் வாங்கலாம். யாராவது ஏற்கெனவே ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் வேண்டாம்.

வாங்கிய பிறகு காருக்குள் விட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காரின் உள்ளே, 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் மரப்பசை இளகத் தொடங்கும். முதலில் கழல்வது பிரிட்ஜ்தான்.

கேள்வி: உறவினர் கொடுத்த பழைய கிட்டாரின் தலையில் இரண்டு நீளத் துளைகள், உள்ளே குறுக்கே உருளைகள். கடையில் ஸ்டீல் கம்பி மாட்டிக் கொடுத்தார்கள். சரிதானா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: இன்றே தளர்த்திக் கழற்றுங்கள். நீங்கள் சொல்வது கிளாசிக்கல் கிட்டார். நட் அகலம் 52 மி.மீ. அளவில் இருக்கும் (ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் சுமார் 43). அது நைலான் கம்பிக்காகச் செய்தது. நைலானின் இழுவிசை ஸ்டீலில் பாதிதான். ஸ்டீலை விட்டுவைத்தால் நெக் வளையும் அல்லது பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். இப்படிப்பட்ட கிட்டார் ஒன்றை விற்பனைக்குப் பார்த்தால், ஸ்டீல் எத்தனை நாளாக ஏறியிருக்கிறது என்று கேட்டுவிட்டு நெக்கை அளந்து பாருங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றில் வால்யூம் திருப்பினால் ‘கரகர’ சத்தம், ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) வேலை செய்யவில்லை. மரமும் நெக்கும் அருமை. விட்டுவிடுவதா? – வாசகர், மதுரை

பதில்: விடாதீர்கள். பேரம் பேச இதைவிட நல்ல குறை கிடைக்காது. கரகரப்பு, பாட் எனப்படும் கன்ட்ரோலின் கார்பன் தடத்தில் சேர்ந்த தூசி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பாட்டின் சிறு திறப்பில் ஒரு முறை அடித்து, முப்பது தடவை முழுக்கத் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் துருநீக்கி ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். போகாவிட்டால் பாட்டையே மாற்றலாம்: சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புக்கு 500.

பிக்கப்புக்கு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கிட்டாரில் கேபிள் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஒவ்வொரு பிக்கப்பாகத் தேர்ந்தெடுத்தால் சிங்கிள் காயில் 5 முதல் 8 கிலோ ஓம், ஹம்பக்கர் பெரும்பாலும் 7 முதல் 9, அதிக ஒலி தரும் ‘ஹாட்’ வகை 15 வரைகூடக் காட்டும். 250 அல்லது 500 என்று காட்டினால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது பாட்டை மட்டுமே. பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது ஒயர் விட்டிருக்கிறது. பின்தகட்டைத் திறந்து ஒயரைப் பாருங்கள். சால்டரிங் விட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கம்பியில் கை வைத்தால் ‘ஊம்ம்’ சத்தம் குறைவது இயல்பு. குறையாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம். ஆனால் கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் அது கிட்டாரின் குறை அல்ல. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) அல்லது சுவர் பிளக்கின் எர்த் போயிருக்கிறது. உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் தன் வால்வ் ஆம்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஆம்ப்) குறைந்த விலைக்குத் தருகிறார். பிளக் கன்வெர்ட்டர் போட்டால் போதுமா? – வாசகர், சென்னை

பதில்: போதாது. கன்வெர்ட்டர் மாற்றுவது பின்னை மட்டும். ஆம்பின் பின்னால் ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய கணத்தில் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸை யாராவது பெரிதாகப் போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். ‘100-240’ என்றிருந்தால் நேரடியாகப் போடலாம்.

120 வோல்ட் ஆம்புக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் அளவை ஸ்பீக்கர் வாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். 15 வாட் வால்வ் ஆம்ப் சுவரிலிருந்து 60, 80 வாட்கூட இழுக்கும். பின்பலகையில் போட்டிருக்கும் மின்நுகர்வை இரண்டால் பெருக்கி வாங்குங்கள். முக்கியமாக, அதன் வெளியீட்டில் மூன்றாவது எர்த் பின் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு துளைதான். ஆம்பின் எர்த் அங்கேயே அறுந்துவிடும்.

சோதிக்கும்போது ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்பை ஆன் செய்து வாசிக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். பத்து நிமிடம் சூடேறவிட்டு வால்வை ஒரு பென்சிலால் மெல்லத் தட்டுங்கள், ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் உரக்கக் கேட்டால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் தகடு செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள். பின்பக்கம் திறந்து கை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும்.

முதல் ஆம்ப் என்றால் எங்கள் யோசனை, 230 வோல்ட் சாலிட் ஸ்டேட் (வால்வ் இல்லாத, டிரான்சிஸ்டர்) ஆம்ப் ஒன்றைப் பாருங்கள். அதை மறுபடி விற்பதும் சுலபம்.

கேள்வி: கிப்ஸன் லெஸ் பால், 40,000 ரூபாய். சீரியல் எண்ணும் இருக்கிறது. அசலா? – வாசகர், திருச்சி

பதில்: அந்த விலைக்கு அசல் லெஸ் பால் ஸ்டாண்டர்டை யாரும் விற்கமாட்டார்கள். டிரஸ் ராட் மூடியைப் பாருங்கள். வழக்கமான கிப்ஸனில் இரண்டு ஸ்க்ரூ, போலிகளில் பெரும்பாலும் மூன்று. மூடியைக் கழற்றினால் உள்ளே அறுகோண நட் இருக்க வேண்டும். ஆலன் கீ போடும் குழி இருந்தால் போலி. 1977 முதல் 2005 நடுப்பகுதிவரை பெரும்பாலான மாடல்களில் சீரியல் எண் எட்டு இலக்கம்: முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு, இடையிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 91238456 என்றால் 1998இன் 123ஆம் நாள், மே 3. அந்த மூன்று இலக்கம் 366ஐத் தாண்டினால் கதை முடிந்தது. 1994இலும் கஸ்டம் ஷாப் கிட்டார்களிலும் முறை வேறு. எண் சரியாக வந்தாலும் அசல் என்று அர்த்தமில்லை. போலி செய்பவர்கள் உண்மையான எண்ணையே நகலெடுக்கிறார்கள்.

எபிஃபோன், ஸ்குயர் இரண்டும் போலி அல்ல. எபிஃபோன் கிப்ஸனுடையது, ஸ்குயர் ஃபெண்டருடையது. அதே 40,000க்கு நல்ல எபிஃபோன் கிடைத்தால் அதையே எடுங்கள். நட்டுக்குப் பின்னால் நெக்கில் முடிபோல ஒரு கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். தலை சாய்ந்த இந்த வகைக் கிட்டார் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும்.

கேள்வி: விற்பவர் வெளியூர். அட்வான்ஸ் அனுப்பச் சொல்லி க்யூஆர் கோடு தந்தார். ஏமாந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? – வாசகர், சேலம்

பதில்: அனுப்பாதீர்கள். வீடியோ காலில் 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு ஒரு நிமிட வேலை. சாக்கு சொன்னால் பொருளே இல்லை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் போடத் தேவையே இல்லை என்பதையும், நீங்கள் விற்கும் நாளுக்காக, நினைவில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

நுகர்வோர் சட்டம் வியாபாரிக்கு எதிரானது. கடைக்காரர் பழைய கிட்டார் விற்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம், மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து ஒரு கிட்டாரை விற்கும் தனிநபர் பொதுவாக அதில் அடங்கமாட்டார். ஆனால் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவருக்கும் பொருந்தும்: விவரித்தது ஒன்று, கொடுத்தது வேறு என்றிருக்கக் கூடாது. (அந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டுதான், குழம்ப வேண்டாம்.) அதனால் விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், மாடல் பெயரையும் குறைகளையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலடிப் பெட்டி), அடாப்டர் இல்லாமல் வந்தது. ரௌட்டர் அடாப்டர் பொருந்துகிறது, போடலாமா? – வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். பின் ஒரே அளவுதான், ஆனால் ரௌட்டர் அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவ், பலவற்றில் 12 வோல்ட். பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஏற்கெனவே போட்டு அணைந்துவிட்டது என்றால், பல பெடல்களில் உள்ளே காப்பு டையோடு ஒன்றுதான் போயிருக்கும். அது ஒன்றிரண்டு ரூபாய்ப் பொருள், மெக்கானிக்கிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பெடல் வாங்கப் போகும்போது ஒரு புது 9 வோல்ட் பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.