பச்சை மையும் நாற்பத்தொரு பேரும்
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பதில்கள்)

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இம்முறை பத்தாம் வகுப்பில் 23 பேர் எழுதி 18 பேர் தேறினார்கள். தேர்ச்சி குறைந்த பள்ளிகளுக்கான ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். மறுநாள் அறிவியல் ஆசிரியையிடம் எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டேன். இப்போது நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பேசாமல் பழையபடி பட்டதாரி ஆசிரியராகவே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா அம்மா?
*(பெயர் வேண்டாம், வட மாவட்டம்)*

பதில்: தம்பி, அந்தக் கடிதத்தை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஓடும் பஸ்ஸில், மடியில் வைத்து, ஒரு சுற்றறிக்கையின் பின்பக்கத்தில். எழுத்தெல்லாம் கோணல்மாணல்.

2005இல் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு கிடைத்தது. மலையடிவாரத்துக் கிராமம்; பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதல் ஆண்டு பத்தாம் வகுப்பில் 41 பேர் எழுதினார்கள், 19 பேர் தேறினார்கள். கூட்டத்தில் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே போனவர்கள் எல்லாரும் நின்றோம். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே நிற்கவைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துத்தான் எங்களுக்கு விடுதலை.

மறுநாள் அந்தக் கடிதத்தை எங்கள் இளநிலை உதவியாளரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், "தேதி போடவில்லையே அம்மா" என்றார். தேதி இல்லாமல் அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்ற முடியாதாம். நாளைக்குப் போடலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது.

அன்று மாலை கோபத்தில் மதிப்பெண் பதிவேட்டை எடுத்து, தவறிய 22 பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதினேன். யார் மேல் பழி போடலாம் என்று பார்க்கத்தான். பெரிய நோக்கம் ஒன்றுமில்லை. 22 பேரில் 14 பேர் கணக்கில் மட்டும் போயிருந்தார்கள். கணக்கு ஆசிரியர் நவம்பரில் மாறுதலாகிப் போய், அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஆகா, அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். காலியிடத்தை நிரப்பாதது என் குற்றமா?

இல்லைதான். ஆனால் அரையாண்டுத் தேர்வுப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த 14 பேரில் 11 பேர் அப்போதே கணக்கில் தவறியிருந்தார்கள். பக்கத்தின் அடியில் பச்சை மையில் என் கையெழுத்து, அழகாக, தேதியோடு. பதவி உயர்வு வந்த புதிதில் பச்சை மைப் பேனா மேல் எனக்கு ஒரு காதல். எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவேன். படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. ஜனவரியிலேயே படித்திருந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் பேசி, உள்ளூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்ணைத் தற்காலிகமாக அழைத்திருக்கலாம். ஜூனில் அதைத்தான் செய்தேன். ஐந்து மாதம் தாமதம்.

காலியிடம் என்னுடையதில்லை, கையெழுத்து என்னுடையது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அதுவரை எல்லாமே என்னால்தான் என்று ஒரு நாள் அழுவேன், எதுவுமே என்னால் இல்லை என்று மறுநாள் கத்துவேன்.

நீங்களும் ஐந்து பெயர்களையும் எழுதிப் பாருங்கள். ஐந்தே பேர், கால் மணி நேர வேலை. யார் எந்தப் பாடத்தில், எத்தனை மதிப்பெண்ணில், எந்த மாதத்திலிருந்து சறுக்கினார்கள்? பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விட்டு மார்ச்சில் வந்து எழுதியவன் இருக்கிறானா? தேற 35 வேண்டிய இடத்தில் 31 வாங்கி நின்றவள் இருக்கிறாளா? அவர்கள் துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்தார்களா? மார்ச்சுத் தேர்வு விழுக்காடு அதனால் மாறாது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் பதினொன்றாம் வகுப்பு.

விழுக்காட்டைப் பற்றி ஒரு கணக்கு. உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 4.35 விழுக்காடு. ஐந்து பேர் போனதும் நீங்கள் 78இல் நிற்கிறீர்கள். 230 பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் அதே ஐந்து பேர் தவறினால் அந்தத் தலைமையாசிரியர் 97.8 என்று காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் இதைச் சொல்லாதீர்கள், எடுபடாது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி அந்த அறிவியல் ஆசிரியை. கூட்டத்தில் வாங்கியதைக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் இறக்கிவிட்டீர்கள். உங்களை நிற்கவைத்தவர்கள் செய்த அதே காரியம்தான், என்ன, உங்களுக்கு ஒரு நாள் தாமதம். அறைக்கு அழைத்துத் தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றும்; செய்யாதீர்கள். எல்லார் முன்னிலையிலும் கத்தினீர்கள் அல்லவா, அதே அறையில், அதே ஆட்கள் இருக்கும்போது, காலை வழிபாட்டுக்கு முன்பு இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். "அன்று நான் பேசியது தவறு டீச்சர். அந்தக் கோபம் உங்கள் மேல் வந்ததில்லை." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் நீண்டால் மன்னிப்பு மெமோ போல ஆகிவிடும்.

என்னுடைய அடுத்த ஆண்டு? 61 விழுக்காடு. அந்த ஆண்டு எழுபதுக்குக் கீழே இருந்தவர்களை நிற்கச் சொன்னார்கள். மறுபடியும் நின்றேன். ஆனால் கையில் பெயர்கள் எழுதிய தாள் இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் அதைப் பார்த்துப் பதில் சொன்னேன். பஸ்ஸில் எழுதிய கடிதம் 2018இல் ஓய்வு பெறும்போதும் தேதி போடாமல் இழுப்பறையில்தான் கிடந்தது. நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதி மட்டும் போட வேண்டாம்.

கேள்வி: நல்லாசிரியர் விருதுக்கு நாமே விண்ணப்பிப்பது சுயமரியாதைக்கு இழுக்கு இல்லையா?
*(தமிழாசிரியர், காவிரிக்கரை)*

பதில்: பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டால் அலுவலகத்துக்கு ஓடுகிறோமே, அப்போது எங்கே போகிறது அந்தச் சுயமரியாதை? விண்ணப்பியுங்கள் ஐயா. பத்தாயிரம் ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் யாரையும் கெடுத்துவிடாது. நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. ஆனால் இணைப்பதற்குப் படம் தேடியபோது, இருபத்தைந்து ஆண்டுப் பணிக்கு என்னிடம் கொடியேற்றும் படங்கள் மட்டுமே இருப்பது தெரிந்தது. பாடம் நடத்தும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கொடியேற்றத்திலும் என் வாய் திறந்திருந்தது தனி வருத்தம்.

கேள்வி: 2008இல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியை நான். வயது 46. இப்போது தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும் என்கிறார்கள். இத்தனை ஆண்டு பாடம் நடத்தியவளுக்குத் தகுதி இல்லையா? நான் கைபிடித்து 'அ' எழுதச் சொல்லிக்கொடுத்த பெண்ணும் அதே தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரே கூடத்தில் உட்கார நேர்ந்தால் என்ன செய்வேன்?
*(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை)*

பதில்: 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்துக்கும் குறைவாக இருப்பவர்கள் எழுதாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. உங்களுக்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இது நியாயமா என்று கேட்டால், நடுவழியில் விதியை மாற்றக்கூடாது என்பதுதான் என் கட்சி. அந்தச் சண்டையைச் சங்கம் நடத்தட்டும். நீங்கள் சந்தா கட்டிவிட்டுப் படியுங்கள்.

தகுதி பற்றிய உங்கள் வருத்தத்துக்கு ஒரு பழைய கதை. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150 வினாக்கள், 90 நிமிடம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். அக்டோபரில் நேரத்தை மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். ஜூலையில் தவறியவர்களில் பல ஆயிரம் பேர் தேறிவிட்டார்கள். மூன்று மாதத்தில் அவர்களுக்குத் தகுதி வந்து சேர்ந்ததா? கடிகாரம் மாறியது, அவ்வளவுதான். அந்தத் தாள் அளப்பது வேறு, உங்கள் மூன்றாம் வகுப்பு அளப்பது வேறு.

உங்களுக்கு முதல் தாள். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் முப்பது வினா. கணிதத்திலும் சூழ்நிலையியலிலும் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, தினமும் புழங்குகிற பாடம். குழந்தை மேம்பாட்டில்தான் பழைய பயிற்சிப் பள்ளிப் பாடங்களைத் தூசி தட்ட வேண்டியிருக்கும். அதோடு விடைத்தாளில் வட்டம் நிரப்பிப் பழக வேண்டும். கரும்பலகையில் எழுதியே பழகிய கை, வட்டத்துக்கு வெளியே போகும்.

அந்தப் பெண்ணிடம் ஒளியாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வட்டம் நிரப்புவதும் நேரம் பிரிப்பதும் அவளுக்குத் தெரியும். கடன் வாங்கிக் கழிக்கும்போது பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும், ஏன் தடுமாறும் என்பது உங்களுக்குத் தெரியும். அவளே உங்கள் முன் உட்கார்ந்து தடுமாறியவள்தானே. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கைப்பேசியைச் சமையலறையில் வைத்துவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அவள் எவ்வளவு வாங்கினாள் என்பதையும் சேர்த்து.