படுக்கும் நேரத்து நறுமண எண்ணெய்: மருந்தாளுநரிடம் கேளுங்கள்

கே (திருச்சி, வங்கி ஊழியர்): பதினொன்றுக்குப் படுத்தாலும் ஒரு மணிவரை மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. லாவெண்டர் எண்ணெய் வாங்கலாமா சார்?

ப: வாங்கலாம். தூக்க மாத்திரை செய்கிற வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அதில் முக்கியச் சத்து லினலூல். 2018-இல் ஜப்பானில் அதை முகர்ந்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. மோப்பம் இழந்த எலிகளுக்குக் குறையவில்லை. மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். எண்ணெய் எது, வெறுந்தண்ணீர் எது என்று முகர்ந்ததுமே தெரிந்துவிடுவதால் சரியாகச் சோதிப்பதும் கஷ்டம். என்னைக் கேட்டால் அது பள்ளிக்கூடம் விடும் மணி மாதிரி. தினமும் ஒரே நேரத்தில், விளக்கைத் தணித்து, போனைத் தள்ளிவைத்த பிறகு அதே வாசனை வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். பஞ்சில் இரண்டு சொட்டு, தலையணையிலிருந்து ஒரு முழம் தள்ளி. லேபிளைப் படித்து வாங்குங்கள்: ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்ற தாவரப் பெயர் இருக்க வேண்டும். ‘லாவண்டின்’ என்றால் அது கலப்பின வகை, கற்பூர நெடி கூடுதல்.

சாயங்காலக் காப்பி உண்டா? உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். முதலில் அதை விடுங்கள்.

கே (சென்னை, இரவுப்பணி): காலை எட்டுக்குத்தான் படுப்பேன். எந்த எண்ணெய்?

ப: ஜன்னலுக்குக் கனமான திரை. எண்ணெய் அப்புறம்.

கே (மதுரை): மல்லிகை எண்ணெய் 10 மில்லி 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

ப: செயற்கை வாசனை. அசல் மல்லிகைச் சாறு கிலோ கிலோவாகப் பூவைக் கரைப்பானில் போட்டு எடுப்பது. அந்த விலைக்கு வராது. மதுரைக்காரருக்குக் குப்பி எதற்கு? ஒரு முழம் பூ வாங்குங்கள்.

கே (சேலம்): லாவெண்டரைப் பாலில் ஒரு சொட்டு?

ப: குடிக்கக் கூடாது.

கே (ஊட்டி): தலையணையில் நீலகிரித் தைலம் தெளித்துத்தான் எங்கள் பாட்டி தூங்குவார். அதைச் சொல்லவே மாட்டேன் என்கிறீர்களே!

ப: அது தூங்கவைப்பதில்லை. மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொடுகிறது. மூச்சு தாராளமாகப் போவதுபோல் இருக்கும். 1983-இல் ஓர் ஆய்வில் அளந்து பார்த்தபோது மூக்கில் காற்றுக்கு இருக்கும் தடை குறையவே இல்லை.

கே (ஊட்டி, மறுபடி): அடைப்பு போகாவிட்டால் பாட்டி எப்படித் தூங்கினாராம்?

ப: மூச்சு வருகிறது என்ற நிம்மதியில். அது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். சளி பிடித்த பெரியவருக்குச் சரி. தினசரித் தூக்கத்துக்கு அந்த நெடி விழிப்பைத்தான் தரும்.

கே (கோவை): ஊட்டிக்காரர் பக்கம்தான் நான். கைக்குழந்தைக்கே கற்பூரம் காய்ச்சித் தடவுகிறோம், ஒன்றும் ஆனதில்லை.

ப: இதில் விவாதமே வேண்டாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கும். தடவாதீர்கள், மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

கே (வேலூர்): எண்ணெய் வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவி ராத்திரி முழுக்க ஓடலாமா? வீட்டில் பூனையும் உண்டு.

ப: அரை மணி போதும், மூக்கு அதற்குள் பழகிவிடும், மிச்சமெல்லாம் வீண். பூனையின் ஈரலால் இந்த எண்ணெய்களைச் சரியாக முறிக்க முடியாது, டீ ட்ரீ எண்ணெய் ரொம்ப மோசம். பூனை படுக்கும் அறையில் வேண்டாம்.

கே (ஈரோடு): எந்த லாவெண்டர் நல்லது? பாலில் கலக்கலாமா?

ப: மேலே இரண்டுக்கும் பதில் இருக்கிறது. படியுங்கள். குடிக்காதீர்கள்.

கே (தஞ்சாவூர்): வீட்டுக்காரர் பலமாகக் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சே நின்று திணறி எழுகிறார். வெட்டிவேர் எண்ணெய் வைக்கலாமா?

ப: எண்ணெய் வேண்டாம்மா. தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ காட்டுங்கள். பகலில் வண்டி ஓட்டுகிறவர் என்றால் இந்த வாரமே.