டங்கனின் போர்டு ஷாட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்து அவர் விடைபெற்ற அதே 2016இல்தான், அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஐந்து பட்டங்கள் வென்ற டிம் டங்கனும் செய்தியாளர் சந்திப்புகூட இல்லாமல் ஓய்வு பெற்றார். அவருடைய அடக்கமே அவர் கொண்டாடப்படாததற்குக் காரணமா? பள்ளி அணியில் ஆடும் என் மகன் இருவரில் யாரைப் பின்பற்ற வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

யாரைப் பின்பற்றுவது என்பதை உங்கள் மகனிடமே விட்டுவிடுங்கள். புகழைப் பற்றிய கவலையும் வேண்டாம். இருவரும் 2020இல் ஒன்றாகவே, கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் இடம்பெற்றார்கள். ஆனால் போகிறபோக்கில் டங்கனை அடக்கமானவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில வாரங்களாக அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்துவருகிறேன். அவற்றில் எனக்குத் தெரிவது கொஞ்சமும் தணியாத பிடிவாதம்.

வளையத்துக்குப் பின்னுள்ள பலகையில் பந்தை அடித்து உள்ளே விழவைக்கும் அவருடைய போர்டு ஷாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? வளையத்துக்கு இடப்பக்கம், சாய்கோணத்தில் நின்று பந்தை வாங்குவார். திரும்பி, எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று ஒரு கணம் பார்ப்பார். பிறகு அவர் எறியும் பந்து பலகையில் வரைந்த சதுரத்தின் மேல்மூலையருகே பட்டு உள்ளே விழும். பலகை பந்தின் வேகத்தைக் குறைத்துவிடுவதால், வீச்சில் விசை சற்றுக் கூடினாலும் அது பொறுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அழகில்லை என்று இளைஞர்கள் ஒதுக்கிய இந்த வீச்சை, எதிரணிக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அவர் 19 பருவங்கள் எறிந்தார். சலிப்பூட்டும் ஆட்டக்காரர் என்று அவரைச் சொன்னவர்களுக்கு ஆட்டம் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது மனம் கனக்கிறது. கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில் அவர் நீச்சல் வீரராக வளர்ந்த சிறுவர். 1989இல் ஹியூகோ புயல் அங்கிருந்த நீச்சல்குளத்தை அழித்தது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால் அவருக்குச் சுறா பயம். பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அவருடைய தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். பட்டப்படிப்பை முடிப்பதாகத் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, முன்னதாகவே என்பிஏவுக்குப் போயிருக்கக்கூடியவர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் இருந்துவிட்டு, 1997இல், அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்தார்.

மாற்று வீரர்களின் இருக்கையில் அமர்ந்து சிரித்ததற்காக 2007இல் நடுவரால் வெளியேற்றப்பட்டவரும் இவர்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2013 என்பிஏ இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருக்க, எதிரணியான மயாமி 90–88 என முன்னிலையில் இருந்தபோது, வளையத்தருகே கிடைத்த வாய்ப்பை டங்கன் தவறவிட்டார்; தெறித்து வந்த பந்தைத் தட்டிவிட்டார், அதுவும் விழவில்லை. அடுத்த கணம் குனிந்து தரையை அறைந்தார். அடக்கமான மனிதர் அப்படி அறைவாரா?

அதற்கு முந்தைய ஆண்டு, தம் சம்பளத்தைப் பாதிக்கும் குறைவாகக் குறைத்துக்கொண்டு புதிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். தயவுசெய்து அதையும் தியாகம் என்று எழுதிவிடாதீர்கள். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உள்ள லீக் அது. அவர் விட்ட பணம் வெல்லக்கூடிய அணியைக் கலையாமல் வைத்திருக்க உதவியது. 2014இல், தம் 38ஆம் வயதில், அதே மயாமியை 4–1 என்று தோற்கடித்து ஐந்தாவது பட்டத்தை எடுத்துக்கொண்டார்.