வீட்டுப் பட்டறை: சாமான்களை எங்கே, எப்படி வைப்பது?

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, கடற்கரைக்குக் கிட்ட வீடு. உளி, குறடு எல்லாவற்றையும் பெட்டியில் மூடித்தான் வைக்கிறேன். அப்படியும் கறள் பிடிக்கிறதே?

தம்பி, உப்புக்காற்று செய்கிற வேலை அது. இரும்பில் படிந்த உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தோடு மூடினால் பெட்டிக்குள்ளேயே கறள் வளரும். பாவித்து முடித்ததும் கை வியர்வை போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகப் பூசுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். உளியைத் தோல் உறையில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், தோல் ஈரத்தை விடாது. ஏற்கெனவே கறள் பிடித்த இரும்புப் பகுதியை ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்து, தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தவுடன் எண்ணெய் பூசினால் போதும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அறை சின்னது. சுவரில் எதையெல்லாம் மாட்டலாம்?

அடிக்கடி எடுப்பதை மட்டும், தங்கச்சி. மற்றது லாச்சிக்குள் போகட்டும். பிளைவூட்டைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல், பின்னால் சட்டம் வைத்து ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழையில் சுவர் ஊறினாலும் பலகை தப்பும். மாட்டுவதற்கு முன் பலகையைத் தரையில் போட்டு, சாமான்களைப் பரப்பி இடம் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டால், இரவல் போன சுத்தியல் பார்த்தவுடன் தெரியும்.

மருதானையிலிருந்து: ஆணிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

பழைய சோனகத் தெருவில் நிறுத்து வாங்கியதைக் கடதாசிப் பையோடு விட்டால் அப்படித்தான். ஜாம் போத்தல்கள் நல்லவை. மூடியைத் தட்டின் அடியில் திருகாணியால் இறுக்கி, போத்தலை அதில் திருகித் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பது தெரியும், தட்டின் மேலும் இடம் மிஞ்சும்.

தெஹிவளையிலிருந்து: தின்னர், பெயின்ற், எண்ணெய்த் துணிகளை எங்கே வைப்பது?

தின்னரைக் காஸ் அடுப்பு இருக்கிற குசினிப் பக்கம் வைக்கவே கூடாது. இறுக மூடி, வெயில் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதைவிட எனக்குப் பயம் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணிதான். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். துணியைச் சுருட்டிக் குவித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். முடியாவிட்டால் மூடியுள்ள இரும்பு ரின்னில் தண்ணீர் ஊற்றி, அதில் மூழ்கப் போடுங்கள்.