கார்ச் சத்தமும் கராஜ் கணக்கும்: கேள்வி பதில்

கோப்பாயிலிருந்து: அண்ணை, 2008 ரொயோற்றா அக்ஸியோ கார். றோட்டுக் கிடங்கில இறங்கேக்க முன்னுக்கு இடப்பக்கமா 'டக் டக்' எண்டுது. ஸ்ரியறிங் றாக் (ஸ்ரியறிங் திருப்பிறதைச் சில்லுக்குக் கொண்டுபோற பல்லுச் சட்டம்) முழுசா மாத்தோணும் எண்டு கராஜில சொல்லுகினம். மாத்தட்டோ?

பதில்: பொறுங்கோ தம்பி. அந்தச் சத்தத்தைத் தரக்கூடிய, றாக்கை விட மலிவான சாமான் நாலு இருக்கு: ஸ்ரபிலைசர் லிங்க் (வளைவில வண்டி சரியாமல் பிடிக்கிற பாரைச் சில்லுப்பக்கத்தோட இணைக்கிறது), ரை றொட் எண்ட் (றாக்கில இருந்து வாற தண்டின்ர சில்லுப்பக்க மூட்டு), போல் ஜொயின்ற் (சில்லுப்பக்கத்தையும் லோவர் ஆமையும் இணைக்கிற குண்டு மூட்டு), லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கிற கீழ்க்கையின்ர றப்பர்). முதல் அதுகளைப் பாக்கோணும்.

முன்பக்கத்தை ஜக்கில தூக்கி ஸ்ராண்ட் வையுங்கோ. வெறும் ஜக்கை நம்பி ஒருத்தரும் கீழ போகக்கூடாது. சில்லை மணிக்கூட்டில 3, 9 வாற இடத்தில பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தா ரை றொட் எண்ட், இல்லாட்டி றாக் எண்ட் (அதே தண்டின்ர றாக்குப்பக்க மூட்டு). பிறகு 12, 6 இல பிடிச்சு ஆட்டுங்கோ. அதில ஆட்டம் இருந்தா, இன்னொராளைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிப்போட்டுத் திரும்ப ஆட்டுங்கோ. ஆட்டம் நிண்டா சில்லுப் பெயாரிங், நிக்காட்டி போல் ஜொயின்ற்.

ஒண்டிலயும் ஆட்டம் இல்லையோ? அப்ப லிங்கிலதான் எனக்குச் சந்தேகம். ரெண்டு பக்க லிங்கையும் கழட்டி, தொங்கிற பாரை ஒண்டிலயும் உரசாமல் கட்டிப்போட்டு, அதே கிடங்குக்கால மெல்ல ஓடிப் பாருங்கோ. லிங்க் இல்லாமல் வளைவில வண்டி கூடச் சரியும், வேகம் வேண்டாம். சத்தம் நிண்டுதெண்டால் லிங்க்தான். ரெண்டு பக்கமும் கழட்டிப் பாத்தாத்தான் தெளிவாத் தெரியும்.

றாக்கையே மாத்த வேண்டி வாறது, உள்ளுக்கு புஷ் தேய்ஞ்சு றாக் பார் மேலயும் கீழயும் அசையேக்க, இல்லாட்டி பல்லுத் தேய்ஞ்சு ஸ்ரியறிங் நடுவில லூஸா நிக்கேக்க. அந்த அசைவைக் கையால தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ. றாக் எண்ட் மட்டும் போயிருந்தா அது தனியா விக்குது. பூட்டின பிறகு சில்லு அலைன்மென்ற் கட்டாயம்.

லோவர் ஆம் புஷ் மாத்தினா இன்னொண்டையும் கவனியுங்கோ. போல்ற்றைக் கடைசியா இறுக்கேக்க வண்டியின்ர பாரம் சில்லில நிக்கோணும். சில்லு தொங்கேக்க இறுக்கினா, கீழ இறக்கின உடன றப்பர் முறுகி நிக்கும், கொஞ்சக் காலத்தில கிழியும். "புதுசு போட்டும் சத்தம்" எண்டு வாற வண்டியள்ல இதுவும் ஒரு காரணம்.

வேலணையிலிருந்து: காலமை பிறேக் கீச்சிடுது. பாட் (உராயிற கட்டை), டிஸ்க் (சில்லோட சுத்திற தட்டு), கலிப்பர் (பாட்டை அமுக்கிற பகுதி) எல்லாம் பழுதாப்போச்சாம்.

பதில்: முதல் ரெண்டு மூண்டு மிதியோட நிண்டா அது இரவில டிஸ்கில படிஞ்ச கறள், அக்கா. கடல்காத்து அடிக்கிற தீவுப்பக்கம் வழமையானது, செலவில்லை. நாள் முழுக்கக் கீச்சிட்டா பாட்டைக் கழட்டிப் பாருங்கோ. இரும்புத் தகட்டைச் சேக்காமல், உராயிற பகுதி 3 மில்லிமீற்றருக்குக் கீழ வந்தா மாத்துங்கோ. 'கறகற' எண்டு இரும்போட இரும்பு உரசினா ஓடாதேங்கோ.

டிஸ்கில அதின்ர குறைஞ்ச தடிப்புப் பொறிச்சிருக்கும். மைக்ரோமீற்றரால அளந்து, அந்த இலக்கத்தோட ஒப்பிட்டுக் காட்டட்டும். அளக்காமல் "டிஸ்க் பழுதாப்போச்சு" எண்டால் நான் ஏத்துக்கொள்ளமாட்டன். உள்பாட் தேய்ஞ்சு வெளிப்பாட் தடிப்பா இருந்தா அனேகமா கலிப்பர் வழுக்கி அசையிற ஸ்லைட் பின் இறுகியிருக்கு. கழட்டிக் கறள் துடைச்சு, பிறேக்குக்கெண்டு விக்கிற சிலிக்கோன் கிறீஸ் பூசினாக் காணும். சாதாரண கிறீஸ் பூசினா றப்பர் ஊதித் திரும்ப இறுகும். பாட்டைத் தள்ளிற பிஸ்டன் இறுகினாலோ கசிஞ்சாலோதான் கலிப்பர்க் கதை. அப்பவும் பிஸ்டனில கறள் குழி இல்லாட்டி சீல் கிற் போட்டுச் சமாளிக்கலாம்.

சாவகச்சேரியிலிருந்து: ஏ9இல 60 தாண்ட இரைச்சல். நாலு பெயாரிங்கும் மாத்தச் சொல்லுகினம்.

பதில்: நாலும் ஒண்டாப் போறது மிச்சம் குறைவு. ரயரைக் கையால தடவிப் பாருங்கோ. மேடும் பள்ளமுமாத் தேய்ஞ்ச ரயரும் இப்பிடித்தான் இரையும். முன் ரயரைப் பின்னுக்கு மாத்திப் போட்டு ஓட, சத்தமும் பின்னுக்குப் போனா ரயர். பெயாரிங் எண்டால் வளைவில தெரியும்: வலப்பக்கம் திரும்பேக்க கூடினா பெரும்பாலும் இடப்பக்கம். தூக்கிச் சில்லைச் சுத்திவிட்டு, மற்றக் கையைக் கொயில் ஸ்பிறிங்கில வையுங்கோ. போன பக்கத்தில அதிர்வு கைக்கு வரும்.

பெயாரிங்கை பிறெஸ்ஸில ஏத்தச் சொல்லுங்கோ. ஹவுசிங்குக்குள்ள (பெயாரிங் இருக்கிற கூடு) ஏத்தேக்க வெளி வளையத்திலதான் அமுக்கோணும். உள் வளையத்தில அமுக்கினாலோ சுத்தியலால அடிச்சாலோ குண்டு ஓடுற பாதையில தழும்பு விழுந்து, புதுசும் இரையத் தொடங்கும்.

சுன்னாகத்திலிருந்து: ரொயோற்றா அக்குவா ஹைபிரிட் கார். பின் சீற்றுக்குப் பக்கத்தில காத்தாடிச் சத்தம். ஹைபிரிட் பற்றரி மாத்தோணுமோ?

பதில்: அவசரப்படாதேங்கோ ஐயா. பின் சீற்றுக்குப் பக்கத்தில இருக்கிற வலை, பற்றரி குளிர காத்து இழுக்கிற வாய். செம்மண் தூசி அடைச்சா பற்றரி சூடேறி விசிறி வேகமாச் சுத்தும். வலையை நீங்களே துப்புரவாக்கி, விசிறியைத் தெரிஞ்ச ஆளைக் கொண்டு துப்புரவாக்குவிச்சு ஓடிப் பாருங்கோ. சீற்றில பை, துணி வைச்சு அதை மறைக்க வேண்டாம். பிறகும் எச்சரிக்கை லைற் எரிஞ்சா, ஸ்கானரில பற்றரிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு புளொக்கின்ர வோல்ற்றேஜையும் ஓடேக்க பாக்கட்டும். ஒண்டு மட்டும் மற்றதுகளை விட்டு விழுந்தா அப்ப பற்றரிக் கதை கதைக்கலாம். விசிறியைக் கழட்ட முதல், பற்றரியின்ர மின்சாரத்தைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கை இழுக்கிறது தெரிஞ்சவையின்ர வேலை, வீட்டில வேண்டாம்.

நல்லூரிலிருந்து: சுசுகி அல்ரோ கார், முழுசா வெட்டித் திருப்பேக்க 'டக டக டக'.

பதில்: வெளி சிவி ஜொயின்ற் (எஞ்சின்ர சுழற்சியை முன்சில்லுக்குக் குடுக்கிற தண்டின்ர சில்லுப்பக்க மூட்டு). அதை மூடியிருக்கிற றப்பர் பூற் கிழிஞ்சு கிறீஸ் போய் மண் ஏறியிருக்கும். சத்தம் வந்தாச்செண்டால் கிறீஸ் அடிச்சுப் பலனில்லை, அந்தப் பக்க ஜொயின்றை மாத்துங்கோ. மற்றப் பக்கம் பூற் கிழிஞ்சு சத்தம் இல்லாட்டி, கழுவி, சிவி கிறீஸும் புதுப் பூற்றும் கிளிப்பும் காணும்.

பருத்தித்துறையிலிருந்து: றீகண்டிஷன் சாமான் வேண்டலாமோ?

பதில்: றாக், கலிப்பர், அல்ரனேற்றர் வேண்டலாம், பூட்ட முதல் கசிவும் ஆட்டமும் பாத்து. பெயாரிங், புஷ், லிங்க், பெல்ற் புதுசுதான். பழைய றப்பர் கடைத் தட்டில கிடந்தாலும் வெடிக்கும். கழட்டின சாமானைக் கையில தரோணும் எண்டு வேலை தொடங்க முதலே சொல்லி வையுங்கோ. கூலியையும் சாமான் விலையையும் வேற வேறயா எழுதி வேண்டுங்கோ.