கடைசிக் காலத் தீர்க்கதரிசனங்களை வாசிப்பது எப்படி: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

(தரங்கம்பாடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம், கும்பகோணம் வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வேதபாடம் கற்பித்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் எழுதியளித்த பதில்கள்.)

கேள்வி (மயிலாடுதுறை, கல்லூரி மாணவர்): ஸ்தோத்திரம் ஐயா. 1948-இல் இஸ்ரவேல் தேசம் உருவானதுதான் மத்தேயு 24-இல் இயேசு சொன்ன அத்திமரம் துளிர்த்தது என்றும், அதைக் காணும் "இந்தச் சந்ததி" ஒழியுமுன் எல்லாம் நடக்கும் என்றும், ஒரு சந்ததி என்பது 80 ஆண்டு என்றும், ஆகவே 2028-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றும் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. சரிதானா?

பதில்: தம்பி, கூட்டலில் பிழை இல்லை, கூட்டிய எண்களை எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். 80 என்பது 90-ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. அங்கே அது மனித ஆயுளின் குறுகலை நினைத்து வருந்தும் ஒரு ஜெபத்தின் வரியே தவிர, மத்தேயு 24-ஐ அளக்கக் கொடுக்கப்பட்ட அளவுகோல் அன்று. அத்திமரம் இஸ்ரவேலைக் குறிக்கிறது என்று அந்த அதிகாரம் எங்கும் சொல்லவில்லை. அதே உவமையை லூக்கா எழுதும்போது, அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள் என்று எழுதுகிறார் (21:29). அத்திமரம் ஒரு நாடு என்றால், மற்ற மரங்கள் எந்தெந்த நாடுகள் என்று அந்தப் பேச்சாளரிடம் கேளுங்கள். 1948-உடன் 40-ஐக் கூட்டி 1988 என்று உறுதியாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு கடந்தபின் வசனம் மாறவில்லை. கூட்டவேண்டிய எண்தான் வளர்ந்தது.

"இந்தச் சந்ததி" என்ற சொற்கள் கடினமானவை என்பதை மறைக்கமாட்டேன். அந்த உரையாடல் எருசலேம் தேவாலயக் கட்டடங்களைச் சீஷர்கள் காட்டியதிலிருந்து தொடங்குகிறது. ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்பது அதற்கு வந்த பதில். அதைக் கேட்டவர்களில் பலர் உயிரோடிருக்கும்போதே, கி.பி. 70-இல், ரோமத் தளபதி தீத்துவின் படை அந்த ஆலயத்தை இடித்தது. அதிகாரத்தின் பெரும்பகுதி அந்த அழிவைப் பற்றியது என்றும், அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்னும் 36-ஆம் வசனத்திலிருந்து பேச்சு இறுதி வருகைக்குத் திரும்புகிறது என்றும் நான் வாசிக்கிறேன். எல்லா ஆசிரியர்களும் இதை ஏற்பதில்லை. ஆனால் எப்படி வாசித்தாலும், 36-ஆம் வசனத்தைத் தாண்டி ஒரு தேதியைக் குறிக்க வழியில்லை.

கேள்வி (சீர்காழி, கணித ஆசிரியை): யாருமே ஒழுங்காகக் கணக்கிட்டதில்லையா? தானியேலின் எண்கள் அவ்வளவு தெளிவாக இருக்கின்றனவே!

பதில்: மிக ஒழுங்காகக் கணக்கிட்டவர் ஒருவர் இருந்தார், அம்மா. அமெரிக்க விவசாயியான வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இல் வரும் 2,300 இராப்பகலை எடுத்துக்கொண்டு, ஒரு நாளை ஒரு வருஷமாக வைத்து, எருசலேமைப் பற்றிப் பெர்சிய ராஜாவான அர்தசஷ்டா கட்டளையிட்ட கி.மு. 457-லிருந்து எண்ணினார். அவருடைய இயக்கத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்ற நாளில் வந்து நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. மறுநாளும் பொழுது விடிந்தது. அது "பெரும் ஏமாற்றம்" என்ற பெயரோடு சபை வரலாற்றில் நிற்கிறது.

அதே அதிகாரத்தைச் சற்றுப் பொறுமையாகப் படித்தால், தரிசனத்தில் வரும் மிருகங்கள் மேதிய பெர்சிய ராஜாக்கள், கிரேக்க ராஜா என்று தேவதூதனே விளக்கம் சொல்லியிருப்பதைக் காண்பீர்கள். அந்தக் கிரேக்க ராஜாவுக்குப்பின் அவன் ராஜ்யத்தின் ஒரு பகுதியை ஆண்ட அந்தியோகு எப்பிபானேஸ் கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். 164-இல் அது மறுபடி சுத்திகரிக்கப்பட்டது. அன்றாட பலி நின்றுபோன ஆலயத்தைப் பார்த்து "இது எத்தனை காலம்?" என்று கதறிய மக்களுக்குத் தரப்பட்ட எண் அது. கதறலை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்ததில்தான் மில்லர் தவறினார், கணிதம் பிசகவில்லை.

கேள்வி (திருவாரூர் அருகில், விவசாயி மகன்): ஐயா, இது வீட்டுப் பிரச்சினை. கர்த்தருடைய வருகை இரண்டு வருஷத்துக்குள் என்று ஒரு கன்வென்ஷனில் கேட்டுவிட்டு வந்த அப்பா, எங்களுக்கிருக்கும் மூன்று மா நஞ்சையையும் விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். இந்தச் சம்பாவுக்கு நாற்றங்கால் விடவும் மனமில்லாமல் இருக்கிறார். வசனத்தைக் காட்டித்தான் அவரிடம் பேச முடியும். எந்த வசனத்தைக் காட்டுவது?

பதில்: எரேமியா 32-ஆம் அதிகாரத்தை அப்பாவோடு உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவர் சொன்னது நடக்கத்தான் போகிறது. அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். கிரயப் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளைக் கையெழுத்துப் போடவைக்கிறார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரப்பதிவு அலுவலகத்து நடைமுறை அறிந்த நம் ஊர்க்காரருக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். முடிவு வரும் என்று நிச்சயமாக அறிந்திருந்த ஒரே மனிதர் அன்று செய்த காரியம் நிலம் வாங்கியது. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் கொள்ளப்படும் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம்.

அடுத்து இரண்டாம் தெசலோனிக்கேயரைப் படியுங்கள். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கியிருந்த சபைக்கு எழுதப்பட்ட நிருபம் அது. அதே நிருபத்தில்தான் வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது (3:10). இவ்விரண்டும் ஒரே தாளில் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவை ஏளனம் செய்யவேண்டாம். அவருடைய எதிர்பார்ப்பு விசுவாசத்தில் பிறந்தது. அந்த ஊழியர் தம்முடைய வீட்டையும் காரையும் விற்றுவிட்டாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. நாற்றங்கால் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (மன்னார்குடி, இல்லத்தரசி): ரேஷன் கடையில் கைரேகை வைப்பதும் ஆதார் எண்ணும் மிருகத்தின் முத்திரைக்கு முன்னோட்டம் என்கிறார்களே?

பதில்: வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் வலதுகையிலோ நெற்றியிலோ பெறும் முத்திரை, மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தே வருகிறது, 14:9 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அறியாமல், அரிசி வாங்கப் போன இடத்தில் ஒருவர்மேல் விழுந்துவிடும் முத்திரையைப் பற்றி அந்தப் புத்தகம் எதுவும் பேசவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரின் ஜனங்களுடைய நெற்றியிலும் ஒரு நாமம் எழுதப்பட்டிருக்கிறது. அதை யாரும் மையால் எழுதியதாக நினைப்பதில்லையே! மிருகத்தின் எண்ணாக 13-ஆம் அதிகாரம் சொல்லும் 666 என்பது ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரெய எழுத்துகளின் எண்மதிப்பில் கூட்டிய தொகை என்பது பல அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றிருப்பதும், அந்தப் பெயரை எழுதும் வேறொரு முறைக்குப் பொருந்துகிறது. பெர்கமு போன்ற நகரங்களில் பேரரசருக்குக் கோயில் இருந்தது. அந்த வழிபாட்டில் சேராதவருக்குச் சந்தையிலும் தொழிலிலும் இடம் குறுகியது. முதல் வாசகர்கள் அனுபவித்த நெருக்கடி அது.

ஆதாரைக் குறித்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்து 2018-இல் தீர்ப்பும் வந்தது. அந்தரங்க உரிமை பற்றிய அந்தக் கேள்வியைக் குடிமக்களாகக் கேளுங்கள். மிருகத்தின் கணக்கில் எழுதவேண்டாம்.

கேள்வி (நாகப்பட்டினம், பெயர் வேண்டாம் என்றவர்): 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் குடும்பத்தில் இருவரைக் கடல் கொண்டுபோயிற்று. அது கடைசிக் கால அடையாளம், பாவத்துக்கு வந்த தண்டனை என்று இன்னமும் பிரசங்கிக்கிறார்கள். லூக்கா 21-இல் சமுத்திரமும் அலைகளும் முழங்கும் என்றிருப்பது உண்மைதானே?

பதில்: அம்மா, அந்த வசனம் இருப்பது உண்மை. அதே லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். நம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்ததால் எழுந்த அலை அது. மாண்டவர்கள்மேல் குற்றம் சுமத்த எந்தப் பிரசங்கியாருக்கும் வேதத்தில் அனுமதி இல்லை. யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி ஆகியவற்றைச் சொல்லும் மத்தேயு 24-உம், கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்றுதான் சொல்கிறது.

கேள்வி (தஞ்சாவூர், வங்கி ஊழியர்): பகிரங்க வருகைக்கு முன்பே விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கர்த்தர் இரகசியமாக வருவார் என்கிறார்களே, அந்த இரகசிய வருகை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: இல்லை என்பது என் முடிவு. வருகை உண்டு, இரகசியமாக ஒன்றும் பகிரங்கமாக ஒன்றும் என்று இரண்டாகப் பிரிப்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை. அந்தப் பிரிவினை 1830-களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவி, 1909-இல் வெளிவந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமத்தின் வழியாக ஊரெங்கும் சென்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1 தெசலோனிக்கேயர் 4-இல் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் எக்காளமும் இருக்கின்றன. அதைவிடச் சத்தமான ஒரு வசனம் கிடைப்பது அரிது. எதிர்கொண்டு போவதும் நாம் அறிந்த வழக்கமே. பெரியவர் வருகிறார் என்றால் பூரணகும்பத்தோடு ஊர் எல்லைவரை போய், அவரை அழைத்துக்கொண்டு ஊருக்குள் திரும்புகிறோம். பவுல் ரோமாவை நெருங்கியபோதும் சகோதரர்கள் மூன்று சத்திரம் வரை வந்து அவரை அப்படித்தான் அழைத்துப் போனார்கள் (அப்போஸ்தலர் 28:15).

கேள்வி (கும்பகோணம், சைவ அன்பர்): வெள்ளைக் குதிரையில் வரும் கல்கியும், உங்கள் நூலில் வெள்ளைக் குதிரையில் வருபவரும் ஒருவரே என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

பதில்: படிமங்கள் ஒத்திருக்கின்றன, இரண்டும் நிற்கும் காலக் கணக்கு வேறு. கலியுகம் 4,32,000 ஆண்டுகள் நீள்வது, மரபுப்படி கி.மு. 3102-இல் தொடங்கியதால் இன்னும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் மீதமிருக்கின்றன. கல்கிக்குப்பின் கிருதயுகம் மறுபடி பிறக்கிறது. உங்கள் ஊரின் கதையிலேயே, பிரளய வெள்ளத்தில் மிதந்துவந்த கும்பம் தங்கிய இடத்தில் படைப்பு திரும்பத் தொடங்குகிறது. வேதாகமத்தில் அந்தச் சுழற்சி இல்லை. ஒரு தொடக்கம், ஒரு நிறைவு. இரண்டையும் அவற்றின் வீட்டிலேயே வைத்துப் புரிந்துகொள்வதுதான் இரண்டுக்கும் மரியாதை. நாகூரிலிருந்து இதுபோலவே கேட்ட நண்பருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கியாமத் என்னும் இறுதித் தீர்ப்பு நாளின் நேரம் இறைவன் ஒருவனிடமே உள்ளது என்று திருக்குர்ஆன் 7:187 சொல்கிறது. நாள் குறிப்பதைப் பொறுத்தவரை நாம் இருவரும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கேள்வி (தரங்கம்பாடி, மீனவர்): புதிய வானம் புதிய பூமியில் சமுத்திரம் இல்லாமற்போயிற்று என்று படித்தேன் ஐயா. கடல் இல்லாத மோட்சத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. உங்கள் ஊரில் 1718-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டிய ஆலயத்தின் பெயரான புதிய எருசலேம், நீங்கள் படித்த வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அலையோசை கேட்கும் இடத்திலேயே அந்தப் பெயரை வைத்தார்கள்.

யோவான் எழுதும் சமுத்திரம் நீங்கள் வலைவீசும் சமுத்திரம் அன்று. தானியேல் 7-இல் நான்கு மிருகங்களும் சமுத்திரத்திலிருந்தே எழும்புகின்றன; வெளிப்படுத்தல் 13-இலும் மிருகம் அங்கிருந்தே வருகிறது. 18-இல் மனுஷருடைய ஆத்துமாக்களையும் சரக்காக விற்ற பாபிலோனின் கப்பல்கள் அதன்மேல்தான் ஓடுகின்றன. எழுதுகிறவர் பத்மு தீவில், தம் சபைகளைவிட்டுப் பிரிக்கும் கடலின் நடுவே இருக்கிறார். மிருகம் எழும்பிவர இனி ஓர் இடம் இருக்காது என்பதே அந்த வரியின் செய்தி.

நீங்கள் கேட்கும் கடலுக்கு எசேக்கியேல் 47-க்குப் போங்கள். ஆலயத்திலிருந்து புறப்படும் நதி, மீனே இல்லாத சவக்கடலில் விழுந்து அதன் தண்ணீரை ஆரோக்கியமாக்குகிறது. என்கேதி முதல் எனெக்லாயிம் வரை மீன்பிடிக்கிறவர்கள் கரையில் நிற்கிறார்கள். வலை உலர்த்தும் இடமும் சொல்லப்பட்டிருக்கிறது. மீன்கள் பெருங்கடலின் மீன்களைப்போல் பல வகையாய் இருக்கின்றன. சதுப்பு நிலங்கள் மட்டும் உப்புக்காக விடப்படுகின்றன என்பது அடுத்த வசனம். வேதாரணியத்து உப்பளக்காரர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

கேள்வி (பொறையாறு, சபை வாலிபர் சங்கம்): வெளிப்படுத்தின விசேஷத்தைச் சபையில் படிக்க விரும்புகிறோம். எந்த விளக்கவுரையோடு தொடங்கலாம்?

பதில்: விளக்கவுரை இல்லாமல் தொடங்குங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி எழுதப்பட்ட புத்தகம் அது; 1:3 அதையே சொல்கிறது. 22 அதிகாரங்களையும் உரக்க வாசிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். நன்றாக வாசிக்கும் நான்குபேரைப் பிரித்துவிட்டு, முதல் நாள் யாரும் விளக்கம் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் 2, 3-ஆம் அதிகாரங்களிலுள்ள ஏழு சபைகளிலிருந்து தொடங்கி, இந்த நிருபத்தைக் கேட்ட எபேசு, சிமிர்னா மக்களுக்கு அன்று என்ன கஷ்டம் இருந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 13-ஆம் அதிகாரத்துக்கு வருவதற்குள் உங்கள் கேள்விகளில் பாதி வேறு கேள்விகளாக மாறியிருக்கும். அவற்றை எனக்கு அனுப்புங்கள்.